உலகப் படத்துக்குக் கீழே ஒரு தமிழ் வரி

மார்கழி நெருங்கினால் சென்னையில் இரண்டு சீசன் களைகட்டும். ஒன்று சபா கச்சேரி. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேன்டீன் அடை அவியலைப் பற்றி எழுதவே நூறு பேர். இன்னொன்று சென்னை சர்வதேசத் திரைப்பட விழா. 2003-ல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆரம்பித்தது. இருபது வருஷம் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி அனகாபுத்தூரும் பொழிச்சலூரும் தண்ணீரில் நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷ விழாவைக்கூட நிறுத்தவில்லை, 2016 ஜனவரிக்குத் தள்ளி வைத்து நடத்தினார்கள். தமிழக அரசும் லட்சக்கணக்கில் நிதி கொடுக்கிறது. எட்டு நாளில் நூறு படத்துக்கு மேல் ஓடும். ஈரான், ஜப்பான், பிரான்ஸ், துருக்கி, கொரியா, அர்ஜென்டினா என்று நாம் வரைபடத்தில் மட்டும் பார்த்த நாடுகளின் படங்கள்.

நான் பணியில் இருந்தவரை லீவு போட்டுப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு லீவு கேட்க வேண்டிய அவசியமில்லை. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து ராயப்பேட்டை. இப்போது மீனம்பாக்கத்தில் மெட்ரோ பிடித்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் சௌகரியம். பையில் தயிர் சாதம், தண்ணீர், சுகர் மாத்திரை. வரிசையில் நிற்கும்போது என் வயதுக்காரர்கள் நிறையப் பேரைப் பார்ப்பேன். எல்லோரும் ஆண்கள்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்கள்தான் அதிகம். அந்த ஆண்களில் பெரும்பாலோர் பேங்க், ஏஜீஸ் ஆபீஸ், ரயில்வே, தபால் தந்தி, கல்லூரி. அதாவது ஆபீஸில் முப்பது வருஷம் ஆங்கிலத்தில் நோட்டிங் எழுதியவர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். விழாவில் வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழே ஓடும் எழுத்து ஆங்கிலத்தில் மட்டுமே ஓடுகிறது. எட்டுக் கோடித் தமிழர் நிதியிலிருந்து பணம் பெற்று, தமிழ்நாட்டின் தலைநகரில் நடக்கும் விழாவில், வருஷத்துக்குப் பத்துப் படத்துக்காவது தமிழ் சப்டைட்டில் போட வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

"ஆங்கிலம் தெரியாதவங்க எதுக்கு சார் உலக சினிமாவுக்கு வரணும்?" என்று காலை நடையில் ஒரு நண்பர் கேட்டார். மனிதர் நல்லவர், படித்தவர். ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள நினைப்புதான் எனக்கு ஒப்பவில்லை. உலக சினிமா என்பது ஏதோ பெரிய படிப்பு, ஆங்கிலம் என்ற நுழைவுத்தேர்வில் பாஸானவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்ற நினைப்பு. அந்தப் படங்களில் வருபவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்தான்.

இத்தாலிக்காரர் விட்டோரியோ டி சிகா எடுத்த 'உம்பர்த்தோ டி' என்ற படம், 1952-ல் வந்தது. படம் ஆரம்பிப்பதே ஒரு ஊர்வலத்தில். ரிட்டயரான சர்க்கார் ஊழியர்கள், நரைத்த தலைகள், கோட்டும் தொப்பியுமாக பென்ஷனை உயர்த்திக் கொடு என்று கோஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அனுமதி வாங்கவில்லை என்று போலீஸ் வந்து கலைத்துவிடுகிறது. அதில் ஒருவர்தான் கதாநாயகர். வாடகை பாக்கி. வீட்டுக்காரி காலி பண்ணச் சொல்கிறாள். கூட இருப்பது ஒரு நாய். ஒரு இடத்தில் அவர் பிச்சை கேட்கலாமா என்று கையை நீட்டிப் பார்க்கிறார். ஒருவர் காசு போட வரும்போது, சட்டென்று கையைத் திருப்பி, மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் காட்சி. பின்னணியில் யாரும் அழவில்லை.

நாகல்கேணி தோல் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுவிட்டு, இன்று இ.பி.எஸ்.-95 பென்ஷன் வாங்குகிறவர்கள் நம் பம்மலில் எத்தனை பேர்! 2014-ல் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்த ஆயிரத்தை வைத்துக்கொண்டு இன்று மாத்திரை வாங்குவதா, கேஸ் சிலிண்டர் வாங்குவதா? அந்தக் கை திரும்பும் காட்சியை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன பேசுகிறார்கள் என்பது தெரிய வேண்டும் அல்லவா? வீட்டுக்காரி எவ்வளவு பாக்கி கேட்கிறாள், இவர் எவ்வளவு புரட்ட முடிகிறது என்ற கணக்கில்தான் அந்தப் படமே ஓடுகிறது.

ஜப்பானின் ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' 1953. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள. மூத்த பையன் டாக்டர், நம்மைப்போல் புறநகர்வாசி. பெண் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. கெட்டவர்கள் இல்லை, வேலை அப்படி. கடைசியில் பிள்ளைகள் பணம் போட்டு அப்பா அம்மாவை அத்தாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இளவட்டங்களின் பாட்டும் கூத்தும், இரவு தூங்க முடியவில்லை. சீக்கிரமே திரும்பி வந்தால் பெண் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். போரில் இறந்துபோன பையனின் மனைவி ஒருத்திதான் லீவு போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். பெங்களூரு ஃபிளாட்டில் பிள்ளை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, நான்காம் நாளே திரும்பும் ரயிலுக்குத் தட்கல் பார்த்த நண்பர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். பெயர் சொல்லவில்லை.

இந்த மாதிரிப் படம் தமிழிலும் இல்லாமல் இல்லை. பாலு மகேந்திராவின் 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டிலும் சொக்கலிங்க பாகவதர் என்ற அந்த முதியவர் நடித்ததை மறக்க முடியுமா? 'வீடு' படத்தில் செங்கல், சிமென்ட், அப்ரூவல் என்று அந்தப் பெண் அலைந்தது நாம் எல்லோரும் அலைந்ததுதான். மொழி புரிந்ததால் அது நேராக உள்ளே இறங்கியது.

இப்போது என் வீட்டு விஷயம். என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் நினைவு தப்பிவிட்டது. மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். நான் ஷிப்டு டியூட்டி. பகல் பூராவும் அவரைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. அவள் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். சாண்டில்யன், லக்ஷ்மி, சிவசங்கரி எல்லாம் தொடர்கதையாகவே படித்து, கிழித்து, பைண்டு பண்ணி வைத்தவள்.

அஸ்கர் ஃபர்ஹாதி என்ற ஈரானிய இயக்குநரின் 'எ செபரேஷன்' படத்தை ஒருநாள் வீட்டிலேயே அவளுக்குப் போட்டுக் காட்டினேன். 2011-ல் வந்து பெர்லினில் தங்கக் கரடியும், அடுத்த வருஷம் ஆஸ்காரும் வாங்கிய படம். மனைவி வெளிநாடு போக வேண்டும் என்கிறாள். கணவன், மறதி நோய் வந்த அப்பாவை விட்டு வரமாட்டேன் என்கிறான். அவள் கோபித்துக்கொண்டு தாய் வீடு போக, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். முதல் நாளே பெரியவர் உடையை நனைத்துவிடுகிறார். அந்நிய ஆணைத் தொட்டுச் சுத்தம் செய்வது பாவமா என்று அவளுக்குப் பயம். மார்க்க விஷயங்களுக்கு வழி சொல்லும் ஓர் இடத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறாள். பக்கத்தில் அவளுடைய சின்னப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் பத்து வரிக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, என்ன பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு மணி நேரப் படம் நான்கு மணி நேரம் ஆயிற்று. இந்தக் காட்சி வந்தபோது, "நிறுத்துங்க" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்காவது ஃபோன் பண்ணிக் கேட்க ஒரு நம்பர் இருந்ததுங்க" என்றாள்.

இந்தப் படத்தைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் நிறைய விமர்சனம் படித்திருக்கிறேன். வர்க்க முரண், நீதிமன்றம், உண்மை பொய் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். அந்தக் காட்சியைப் பற்றி இவள் சொன்ன ஒரு வாக்கியத்தை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. மாமனாரின் வேட்டியை முதன்முதலாக மாற்ற வேண்டி வந்த மருமகள்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். அந்தப் படத்தை முழுசாகப் பார்க்கத் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான் என்பேன். ஆனால் ராயப்பேட்டையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான்.

விழாவுக்கும் அவளை ஒருமுறை அழைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்த்தேன். பத்து நிமிஷத்தில் பின் வரிசையில் 'ஷ்' என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை, பணம் கட்டிப் பார்க்க வந்தவர்கள். இடைவேளையில் கான்டீனில் காபி குடித்துவிட்டு, "நீங்க பாருங்க, நான் மயிலாப்பூர் போய் கற்பகாம்பாளைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்த ஒரு மனிதர் இந்தச் சிக்கலை நூறு வருஷத்துக்கு முன்பே தீர்த்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பம்மல் சம்பந்த முதலியார். (இளையவர்களுக்குப் பம்மல் சம்பந்தம் என்றால் 2002-ல் வந்த கமல் படம்தான் தெரிகிறது. போகட்டும்.) அவர் 1891-ல் சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார். வக்கீல், பிறகு நீதிபதி. ஷேக்ஸ்பியரை ஆங்கிலத்திலேயே படித்து ரசிக்கத் தெரிந்தவர். அவருடைய சபையிலும் ஆங்கிலம் படித்தவர்கள் நிறைய இருந்தார்கள். நமக்குப் புரிகிறது, போதும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார். மாக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். டென்மார்க் இளவரசனின் துக்கம் தமிழில் மேடையேறியது. அன்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரிடம் உனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் செய்தது பெரிய வேலை. ஒரு நாடகத்தை முழுசாகத் தமிழாக்கி, நடிகர்களைப் பழக்கி, மேடையேற்ற வேண்டும். நான் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மணி நேரப் படத்தில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரி வசனம் இருக்கும். ஆங்கில வரிகள் நேரக் குறிப்போடு ஏற்கெனவே கையில் இருக்கும். அந்தந்த நேரத்துக்கு எதிரே தமிழ் வரியை எழுத வேண்டும். ஒருவர் உட்கார்ந்தால் ஒரு வாரம், பத்து நாள். படத்தின் மேலேயே எழுத வேண்டும் என்பதும் இல்லை. திரைக்குக் கீழே ஒரு பட்டையில் தனியாக ஓட்டும் ஏற்பாடு வெளிநாட்டு விழாக்களில் வெகுகாலமாக இருக்கிறது. தென் கொரியாவில் பூசான் நகரத்து விழா 1996-ல்தான் ஆரம்பித்தது. அங்கே வெளிநாட்டுப் படத்துக்கு ஆங்கில வரியோடு கொரிய மொழி வரியும் ஓடும். உள்ளூர் ஜனங்கள் சொந்த மொழியில் படித்துப் பார்க்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் எம்-சோன் என்று ஒரு குழு. பணம் வாங்காமல், ஆர்வத்தில் சேர்ந்தவர்கள். பத்து வருஷத்துக்கு மேலாக உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவர்கள் முடித்த படங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. ஆங்கிலம் அறியாத மலையாளி அகிரா குரோசாவாவை வீட்டுத் திண்ணையில் பார்க்கிறார். தமிழில் வலைப்பூ எழுத ஆள் இருக்கிறார்கள், உலக சினிமாவைப் பற்றிப் புத்தகமாகவே எழுத ஆள் இருக்கிறார்கள். படங்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம், படத்துக்குக் கீழே எழுதுவதற்கு மட்டும் கை வரவில்லை.

இன்னொன்று எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. அதே சென்னை விழாவில் தமிழ்ப் படங்களும் காட்டுகிறார்கள். அவற்றுக்குக் கீழே ஆங்கில வரி ஓடுகிறது. வெளியூர் விருந்தாளிகளுக்குப் புரிய வேண்டுமாம். நல்லது, விருந்தோம்பல் நம் குணம். வந்த விருந்தாளிக்கு இலை போட்டாயிற்று. வீட்டு மனுஷியைத் திண்ணையில் நிற்க வைப்பதுதான் புரியவில்லை.

நம் ஜனங்களுக்கு அந்த மாதிரி மெதுவான படங்கள் பிடிக்காது, பொறுமையாக வரி படிக்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அசாமியப் படம், ஒரியப் படம், வங்காளப் படம். கீழே ஆங்கில வரி. அப்போதும் தெருவில் டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். புரிந்தது பாதி, ஊகித்தது பாதி. கதையை அவர்களே ஒரு மாதிரி முடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். பிறகு புதுயுகம் சேனலில் கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரல் கொடுத்துப் போட்டபோது என்ன ஆயிற்று? எங்கள் தெருவில் கொரியப் பெயர்களைக் கல்லூரிப் பெண்ணும் பாட்டியும் ஒன்றாக உச்சரித்தார்கள். இப்போது ஓ.டி.டி.யில் கொரியா, ஸ்பெயின் எல்லாம் தமிழ் பேசுகின்றன. கம்பெனிக்காரர்கள் லாபக் கணக்குப் பார்க்காமல் ஒரு பைசா செலவழிக்க மாட்டார்கள். அவர்களே தமிழில் கொடுக்கிறார்கள் என்றால் பார்க்க ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

டப்பிங் வேண்டாம், அதில் எனக்கு ஆசையில்லை. ஜப்பானியக் கிழவர் தன் குரலில் முனகுவதைக் கேட்க வேண்டும். கீழே தமிழ் வரி போதும். வாரப் பத்திரிகையில் தொடர்கதையை ஒரே மூச்சில் படித்த தலைமுறைக்கு இரண்டு வரி படிக்க நேரம் போதாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தியேட்டர் விஷயமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விழா அரங்குகள் எல்லாம் ராயப்பேட்டை, அண்ணா சாலை, மயிலாப்பூர் சுற்றித்தான். பம்மலிலிருந்து இருபது கிலோமீட்டர் போக, இருபது வர. இரவுக் காட்சி முடிந்து பல்லாவரத்தில் இறங்கினால் ஷேர் ஆட்டோ இருக்காது. கச்சேரி சீசன் குரோம்பேட்டைக்கும் நங்கநல்லூருக்கும் வந்து எத்தனை வருஷம் ஆகிறது? குரோம்பேட்டை வெற்றி இருக்கிறது, தாம்பரத்தில் வித்யா இருக்கிறது. எட்டு நாளில் ஒரே ஒரு நாள், பகல் காட்சி இரண்டு, தமிழ் வரியோடு இங்கே போட்டுப் பார்க்கட்டும். 2021-ல் நம்மைத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். வரி ஏறியது. சினிமாவும் கொஞ்சம் வரட்டும்.

உரிமைக்காரர்கள் அனுமதி வேண்டும், தேர்வாகும் படங்கள் கடைசி நேரத்தில்தான் வந்து சேரும் என்று விழாக் குழுவினருக்கு நியாயமான சிரமங்கள் இருக்கலாம். நூறு படத்துக்கும் கேட்கவில்லையே. முன்கூட்டியே உறுதியாகும் பத்துப் படம். வேலை செய்ய ஆள் தேடி அலையவும் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், தமிழாசிரியர், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஸ்டெனோகிராபர் எல்லாம் இந்தப் பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை வட்டாரத்திலேயே தெருவுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். கூலி கேட்க மாட்டார்கள். வீட்டம்மாவுக்கும் சேர்த்து இரண்டு பாஸ் கொடுத்தால் போதும்.

இந்த மாதக் கடைசிக்குள் விழாக் குழுவுக்கும் அரசின் செய்தித் துறைக்கும் ஒரு கடிதம் அனுப்பப் போகிறோம். சங்கர் நகரில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வரைவு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வழக்கப்படி நான்கு பக்கம்; இரண்டாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினேழு கையெழுத்து. கையெழுத்துப் போட விரும்புகிறவர்களும், சப்டைட்டில் எழுதக் கை கொடுக்கிறவர்களும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வழக்கமாக நாம் நடக்கும் பூங்காவுக்கு வரலாம். மூக்குக் கண்ணாடி கொண்டு வரவும்.